இடத்தை மட்டும் கேட்காதீர்கள்

முள் எட்டாம் நம்பர் போதும் என்பார் மெல்வின்.
நிஜாமுதீன் ஆறு என்பார், சத்தியம் செய்வார்.
உயிர் இறாலை வாலோரம் இரண்டாம் கணுவில் குத்து;
தலையில் குத்தினால் அது பிணம்,
பிணத்தைக் கொடுவா முகர்ந்தும் பார்க்காது.
கெளுத்திக்குக் கோழிக்குடல், ஒருநாள் வெயிலில் வைத்தது.
வைக்கும் முன்
கீழ்வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்று உறுதிசெய்துகொள்.
ஜிலேபிக்கு மைதா, அதில் ஒரு சிட்டிகை சோம்புத்தூள்.
பூண்டு என்றொரு கட்சி இருக்கிறது,
அவர்களோடு பேச்சு வேண்டாம்.
முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கு.
அமாவாசைக்கு மூன்றாம் நாள், வத்தம் தொடங்கி அரைமணி.
மேல்காற்று அடித்தால் வீட்டில் தூங்கு.

இவ்வளவும் சைதாப்பேட்டையில்
ஒரு டீக்கடை வாசலில்
ஞாயிறு நாலரைக்கு இலவசமாகக் கிடைக்கும்.
எந்த இடம் என்று மட்டும் கேட்கக் கூடாது.
கேட்டாலும் சொல்வார்கள்,
அதுதான் சிக்கல்.

எத்திராஜ் இதில் எல்லோருக்கும் மேலே.
நாலு கிலோ கொடுவாவை
ஜவுளிக்கடைப் பையில் சுற்றிக் கொண்டுவந்து
என்னிடம் பழவேற்காடு என்றார்.
மெல்வினிடம் உடைந்த பாலம்.
நிஜாமுதீனிடம் முட்டுக்காடு, படகுத்துறைக்குத் தெற்கே.
புதிதாய் வந்த பிரணவ்
லொகேஷன் அனுப்புங்க சார் என்று கேட்டதற்கு
பெருங்களத்தூர் தாண்டி ஓர் ஏரி.
ஏரியைத் தூர்த்து அடுக்குமாடி கட்டி
பதினோரு வருஷமாகிறது.
பையன் போய்விட்டான்.
திரைச்சீலைக் கம்பி மாட்ட வந்தவன் என்று
செக்யூரிட்டி உள்ளேயும் விட்டுவிட்டார்.

போன கார்த்திகை, ஒரு சனி இரவு பதினொன்றுக்கு
எத்திராஜின் மகள் அழைத்தாள்.
மத்தியானம் போனவர். போன் அணைந்திருக்கிறது.
அப்பா எங்க ஆன்ட்டி பிடிப்பாரு?

நாலு பேரும் நாலு இடம் சொன்னோம்.

மூடிய டீக்கடை ஷட்டர் முன்னால் நின்றபோது
எங்களுக்குத் தெரிந்ததை எண்ணிப்பார்த்தோம்:
அவருக்கு டீயில் சர்க்கரை பாதி.
ரீல் பழையது, வலப்பக்கம் கிறீச்சிடும்.
வீடு எந்தத் தெரு?
வேலை என்ன?

செருப்பில் எப்பவும் கறுப்புச் சேறு,
மணலே இருக்காது என்றார் மெல்வின். அப்படியென்றால் கடற்கரை இல்லை.
ஒருமுறை போனில் பேசும்போது பின்னால் கூட்ஸ் வண்டி,
அது கடக்கும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்,
ரொம்ப நீளமான வண்டி என்றார் நிஜாமுதீன்.
அவர் பையில் ஒட்டியிருந்த சிப்பி எனக்கு ஞாபகம் வந்தது,
விரல்நகம் அளவு, உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தது.
பிரணவ் வரைபடத்தை விரல்களால் விரித்தான்.
தண்டவாளம், சேறு, கழிமுகம்.
மூன்றும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றே ஒன்று.

எது என்று உங்களிடம் சொல்வதாக இல்லை.

மீனைத் தேடுகிறவர்கள்போல
குதிகால் தரையில் படாமல் போனோம்.
இருந்தார்.
கணுக்கால் பிசகி, வீங்கி, ஒரு கல்லின் மேல்.
போன் தண்ணீருக்குள். ராடு கைக்குள்.
எங்கள் டார்ச் முகத்தில் விழுந்ததும்
அவர் பேசிய முதல் வார்த்தை:
"அணைங்கய்யா. வத்தம் ஆரம்பிச்சிடுச்சு."

அணைத்தோம்.
நிஜாமுதீன் கைக்குட்டையால் காலைக் கட்டினார்.
பிரணவ் தோள்கொடுக்கக் குனிந்தான், குனிந்தபடியே நின்றான்.
சற்றுத் தள்ளி, நீரில்,
கட்டிலிலிருந்து தலையணை விழுவதுபோல்
ஏதோ புரண்டது.
அப்புறம் இன்னொன்று.
மெல்வினின் கை தன்னிச்சையாய்ப் பையின் ஜிப்பைத் தேடியது.

நான் போனைச் சேலைக்குள் பொத்தி
மகளை அழைத்தேன்.
கிடைச்சிட்டாரும்மா. கால் மட்டும்தான், பயப்படாதே.
அரைமணியில் கூட்டிவர்றோம். ஒரு மணின்னு வச்சுக்கோ.

"எங்க ஆன்ட்டி இருந்தாரு?"

இருட்டில் நாலு முகமும் என் பக்கம் திரும்பின.

முட்டுக்காடு என்றேன்.
படகுத்துறைக்குத் தெற்கே.